அளித்த வாக்கும் அறிந்த மனமும்: மொன்டானா இடைத்தேர்தல் எழுப்பும் அறவியல் வினா

முன்னுரை

'வாக்கு' என்னும் சொல் தமிழில் பேச்சு, உறுதிமொழி ஆகிய பொருள்களில் நெடுங்காலமாக வழங்கி வருவது. மக்களாட்சி வேரூன்றிய காலத்தில் தேர்தலில் ஒருவர் தெரிவிக்கும் ஒப்புதலையும் அச்சொல்லே குறிக்கலாயிற்று. இப்பொருள் விரிவு அறவியல் நோக்கில் ஒரு சிக்கலையும் உடன் கொணர்ந்துள்ளது. கொடுத்த வாக்கைக் காப்பதே பெருமை என்பது உலக வழக்கு. தேர்தலில் அளிக்கும் வாக்கோ ஆராய்ந்து எடுக்கும் முடிவு. புதிய உண்மை புலப்படுமாயின் முடிவை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை எனப்படும். ஒரே சொல்லுக்குள் நிலைபேறும் மாற்றமும் ஒருங்கே அறமாக அமைந்து முரண்படுகின்றன.

வாக்காளர் ஒருவர் தம் வாக்கை முன்கூட்டியே அளித்துவிடுகிறார். வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே வேட்பாளரின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வெளிப்படுகிறது. அந்நிலையில் அவ்வாக்கு அவரைக் கட்டுமா? கட்டுமெனில் எவ்வறத்தின் அடிப்படையில்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொன்டானா மாநிலத்தில் 25.05.2017 அன்று நடைபெற்ற பிரதிநிதிகள் அவை இடைத்தேர்தல் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. அத்தேர்தலை முன்வைத்து வாக்கின் அறவியல் தன்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் தொகுதியும்

மொன்டானா ஏறத்தாழ 3,80,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கிழக்கு மேற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது. மேற்கே மலையும் காடும் சுரங்க நகரங்களும், கிழக்கே கோதுமை வயல்களும் மேய்ச்சல் வெளிகளும் அமைந்துள்ளன. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இப்பெருநிலத்தின் மக்கள்தொகை 9,89,415 மட்டுமே.

1919 முதல் மொன்டானாவுக்கு மேற்கு, கிழக்கு என இரு தொகுதிகள் இருந்தன. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற்குப் பின் ஒன்று பறிபோயிற்று. அதனை எதிர்த்து மாநிலம் தொடுத்த வழக்கில், இடங்களைப் பகிரும் கணக்குமுறையை நாடாளுமன்றமே தேர்ந்துகொள்ளலாம் என 1992இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் தேர்தல் முதல் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாயிற்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இரண்டாம் இடத்தை மீட்டளித்தது. 2022 தேர்தல் மீண்டும் இரு தொகுதிகளில் நடைபெற்றது. இன்று அலாஸ்கா, வயோமிங், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வெர்மான்ட், டெலவேர் ஆகிய ஆறு மாநிலங்கள் ஒற்றைத் தொகுதி மாநிலங்களாக உள்ளன.

எண்ணளவிலும் இந்நிலை சமமின்மையைத் தோற்றுவித்தது. 2010இல் 10,52,567 மக்களைக் கொண்ட ரோட் ஐலண்டுக்கு இரு இடங்கள் கிடைத்தன; மொன்டானாவுக்கு ஒன்றே. எனினும் எண்ணைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. பல தொகுதிகள் உள்ள மாநிலத்தில், தம் தொகுதியில் தோல்வியுற்ற கருத்தினர் அண்டைத் தொகுதியின் உறுப்பினரிடம் தம் குரலின் சாயலையேனும் கேட்கக்கூடும். ஒற்றைத் தொகுதி மாநிலத்தில் அவ்வாய்ப்பு இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவரே பிரதிநிதிகள் அவையில் மாநிலத்தின் ஒரே குரல். 'தொகுதி' என்னும் தமிழ்ச்சொல் 'தொகு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தொகுக்கப்படுவது நிலமா, மக்களா என்னும் வினாவுக்கு மொன்டானாவில் இரண்டும் என்பதே விடை. ஒருவர் மட்டுமே பேசக்கூடிய இடத்தில், அவ்வொருவரைத் தெரிவு செய்யும் வாக்கு மிகுந்த பொறுப்புடையதாகிறது.

தொலைவு மற்றொரு விளைவையும் உண்டாக்கிற்று. வாக்குச்சாவடிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டிய நிலத்தில் அஞ்சல்வழி வாக்களிப்பு பெருவழக்காயிற்று. காரணம் எதுவும் கூறாமலேயே அஞ்சல் வாக்குச்சீட்டைக் கோரிப் பெற அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. இதனால் தேர்தல் என்பது ஒரு நாள் நிகழ்ச்சியாக இராமல் ஏறக்குறைய ஒரு மாத கால நிகழ்ச்சியாக விரிந்தது.

2017 மே: நிகழ்ந்தவை

மொன்டானாவின் உறுப்பினராக இருந்த ரயன் ஜிங்க்கி 2017 மார்ச்சில் உள்துறைச் செயலராகப் பொறுப்பேற்றதனால் இடம் காலியாயிற்று. இடைத்தேர்தலாதலின் கட்சிகளின் மாநாடுகளே வேட்பாளர்களைத் தெரிவு செய்தன. பொதுமக்கள் பங்குகொள்ளும் முதற்கட்டத் தேர்தல் நடைபெறவில்லை. குடியரசுக் கட்சியின் சார்பில் தொழில்முனைவோர் கிரெக் ஜியான்ஃபோர்ட்டேயும், ஜனநாயகக் கட்சியின் சார்பில் நாட்டுப்புற இசைக் கலைஞர் ராப் குவிஸ்ட்டும், சுதந்திரவாதக் கட்சியின் சார்பில் மார்க் விக்ஸும் போட்டியிட்டனர். செலவைக் குறைக்கும் பொருட்டுத் தேர்தலை முழுவதும் அஞ்சல்வழியே நடத்தலாம் என்னும் முன்மொழிவு மாநில மேலவையில் நிறைவேறியும் கீழவையில் நிறைவேறவில்லை. ஆயினும் வாக்காளருள் பெரும்பகுதியினர் தாமே அஞ்சல்வழியைத் தேர்ந்தனர். மே மாதத் தொடக்கத்திலேயே சீட்டுகள் அவர்தம் இல்லங்களை அடையத் தொடங்கின.

மே 24ஆம் நாள் மாலை போஸ்மன் நகரில், பிரதிநிதிகள் அவை அம்மாதத் தொடக்கத்தில் நிறைவேற்றிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவைப் பற்றி நாளிதழ்ச் செய்தியாளர் ஒருவர் ஜியான்ஃபோர்ட்டேயிடம் வினவினார். அம்மசோதாவின் செலவு மதிப்பீடு அன்றுதான் வெளியாகியிருந்தது. வேட்பாளர் அச்செய்தியாளரைத் தாக்கித் தரையில் வீழ்த்தினார். செய்தியாளரே வம்புக்கு வந்தார் என்னும் பொருள்பட வேட்பாளர் தரப்பு முதலில் அறிக்கை வெளியிட்டது. ஒலிப்பதிவும், உடனிருந்த தொலைக்காட்சிக் குழுவினரின் சாட்சியமும் அதனைப் பொய்ப்பித்தன. அன்றிரவே வேட்பாளர்மீது தாக்குதல் குற்றச்சாட்டுப் பதிவாயிற்று.

பில்லிங்ஸ் கெஸட், மிசூலியன், ஹெலனா இன்டிபென்டன்ட் ரெக்கார்ட் ஆகிய மூன்று நாளிதழ்கள் அவருக்குத் தாம் தெரிவித்திருந்த ஆதரவை உடனே திரும்பப் பெற்றன. வாக்களித்தோருள் பாதிக்கும் மேற்பட்டோரின் சீட்டுகள் அதற்குள் தேர்தல் அலுவலகங்களை அடைந்துவிட்டிருந்தன. அளித்த வாக்கை மாற்ற இயலுமா எனச் சிலர் அலுவலகங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டனர். இயலாது என்பதே விடையாயிற்று. நாளிதழ் தன் வாக்கை ஒரே இரவில் மீட்டுக்கொள்ள முடிந்தது. குடிமகனுக்கு அவ்வுரிமை இல்லை. அவ்விரவு வெளிப்படுத்திய முரண் இதுவேயாகும்.

மறுநாள் நடந்த தேர்தலில் ஜியான்ஃபோர்ட்டே ஏறத்தாழ 50 விழுக்காடும், குவிஸ்ட் 44 விழுக்காடும், விக்ஸ் 6 விழுக்காடும் பெற்றனர். வெற்றி உரையில் ஜியான்ஃபோர்ட்டே மன்னிப்புக் கோரினார். ஜூன் மாதத்தில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சமூகப்பணியும் சினத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியும் தண்டனையின் பகுதிகளாக அமைந்தன. 2018இல் மீண்டும் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்; 2020இலும் 2024இலும் மாநில ஆளுநர் தேர்தலில் வென்றார்.

உறுதிமொழியா, தீர்ப்பா, அடைக்கலமா?

வாக்கின் தன்மையை மூவகையாகப் பொருள்கொள்ளலாம்.

முதலாவது, வாக்கு ஓர் உறுதிமொழி என்பது. அங்ஙனமாயின் அது அளித்தவரைக் கட்டும். ஆனால் உறுதிமொழிக்கு ஏற்பவர் ஒருவர் வேண்டும். இன்னார் இன்னாருக்கு அளித்தார் என்பது இருவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். மறைவாக அளிக்கப்படும் வாக்கில் ஏற்பவருக்கு அளித்தவர் யாரெனத் தெரியாது. ஆதலின் வேட்பாளர் எவரும் குறிப்பிட்ட ஒரு குடிமகனிடம் 'நீ எனக்குச் சொல் தந்தாய்' என உரிமை கோர இயலாது. உறுதிமொழி என்னும் பொருள் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

இரண்டாவது, வாக்கு ஒரு தீர்ப்பு என்பது. தீர்ப்பளிப்போர் சான்றுகள் அனைத்தையும் கேட்ட பின்னரே முடிவு சொல்லுதல் முறை. இருதரப்பு வாதமும் முடியுமுன் நடுவர்களுள் பாதிப்பேர் தம் முடிவை எழுதிக் கொடுத்து வெளியேறினால் அதனை நீதி என எவரும் கூறார். அஞ்சல்வழி வாக்களிப்பு ஏறத்தாழ இந்நிலையை உண்டாக்குகிறது. குவிஸ்ட்டின் கடன், வரி தொடர்பான செய்திகள் சீட்டுகள் அனுப்பப்படும் முன்பே நாளிதழ்களில் விவாதிக்கப்பட்டன. அவற்றை எடைபோட வாக்காளர் அனைவருக்கும் காலம் இருந்தது. ஜியான்ஃபோர்ட்டேயைப் பற்றிய செய்தியோ ஒரு பகுதியினருக்கு மட்டுமே உரிய காலத்தில் கிட்டியது. ஒரே தேர்தலில் இருவேறு வாக்காளர் குழுக்கள் இருவேறு சான்றுகளின்மீது தீர்ப்பளித்தன.

மூன்றாவது, வாக்கு ஓர் அடைக்கலப் பொருள் என்பது. ஜான் ஸ்டுவர்ட் மில் 1861இல் வெளியிட்ட பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில், வாக்குரிமையை வாக்காளரிடம் பிறர்பொருட்டு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாகக் கொண்டார். அக்கருத்தை மேலும் ஒரு படி நீட்டலாம். வாக்காளர் தம்மிடம் உள்ள பொறுப்பைப் பிரதிநிதியிடம் ஒப்படைக்கிறார். பெற்றவர் அதனைக் காக்கக் கடன்பட்டவர். சிலப்பதிகாரத்தில் அடைக்கலமாகப் பெற்ற கண்ணகியைக் காக்க இயலாமற்போனமைக்கு மாதரி தன்னுயிரையே நீத்தாள். அவளிடம் தவறு இல்லை. எனினும் ஏற்ற பொறுப்பின் சுமை அவளை விடவில்லை. அடைக்கலம் என்னும் கருத்தில் கடப்பாட்டின் பெரும்பகுதி ஏற்றவரைச் சார்கிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இம்மூன்றனுள் எது பொருந்தும் என்பதை மொன்டானாவின் பழைய நிகழ்ச்சி ஒன்று தெளிவாக்கும். 1916 நவம்பரில் அம்மாநிலம் ஜெனெட் ராங்கினைப் பிரதிநிதிகள் அவைக்கு அனுப்பியது. அப்போது இரு இடங்கள் இருந்தபோதிலும் தொகுதிப் பிரிவினை இல்லை. மாநிலம் முழுவதும் சேர்ந்தே இருவரையும் தெரிவு செய்தது. அமெரிக்க நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற் பெண்மணி அவரே. 1917 ஏப்ரலில் ஜெர்மனிமீது போர் தொடுக்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஐம்பதின்மருள் அவரும் ஒருவர். 1940இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1941 டிசம்பரில் ஜப்பான்மீதான போர்த் தீர்மானத்தைத் தன்னந்தனியராக எதிர்த்தார். அவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளருள் எவரும், பிரதிநிதி எந்நாளில் எத்தீர்மானத்தின்மீது கையுயர்த்த நேரும் என்பதை முன்னறிந்திருக்க இயலாது.

இதனின்று பெறப்படுவது யாது? எதிர்காலத்தில் எழப்போகும் வினாக்களை வாக்காளர் அறியார். எனவே அவர் வாக்களிப்பது விடைகளுக்கு அன்று. விடைகாணப் போகும் மனிதரின் பண்புக்கே. பிரதிநிதி தம் தீர்வறிவை மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறார் என எட்மண்ட் பர்க் 1774இல் பிரிஸ்டல் வாக்காளரிடையே உரைத்ததும் இவ்வடிப்படையில்தான். ஆகவே கொள்கை பற்றிய பல செய்திகளுள் ஒன்றாகப் பண்பு பற்றிய செய்தியைக் கருதிவிட முடியாது. அடைக்கலம் அளிப்பதற்குரிய அடிப்படையே அது. வினா எழுப்பிய ஒருவரிடம் வேட்பாளர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது, வினாக்களுக்கு விடை சொல்லுதலையே தொழிலாகக் கொண்ட பதவிக்கு நேர்த்தொடர்புடைய செய்தியாகும்.

மறுப்புரைகளும் அவற்றின் வலிமையும்

அளித்த வாக்கு அளித்ததே என்னும் நிலைப்பாட்டுக்கு வலுவான நியாயங்கள் உள்ளன.

முழுமையான அறிவோடு அளிக்கப்படும் வாக்கு என ஒன்றில்லை என்பது முதல் நியாயம். வாக்குப்பதிவுக்கு மறுநாள் ஓர் உண்மை வெளிப்பட்டாலும் வாக்கு மாறாது. அங்ஙனமாயின் ஒருநாள் முன்னர் வெளிப்பட்டதற்கு மட்டும் ஏன் தனிச்சலுகை? இதற்கு விடை உண்டு. பதிவு முடிந்தபின் வெளிப்படுவதை எவரும் அறிந்திலர். அறியாமையில் அனைவரும் சமம். பதிவு முடியுமுன் வெளிப்படுவதைச் சிலர் பயன்கொள்ள முடிகிறது, சிலர் பயன்கொள்ள முடிவதில்லை. இங்குக் குறை அறியாமையைச் சார்ந்தது அன்று; வாய்ப்பில் உள்ள சமமின்மையைச் சார்ந்தது.

இறுதிநேர அவதூற்றின் ஆபத்து இரண்டாம் நியாயம். வாக்கை மாற்றலாம் என்றால், மறுக்கக் காலமில்லாத கடைசி நாளில் பொய்ச்செய்தியைப் பரப்புவோர் பெருகுவர். முன்கூட்டி அளித்த வாக்கு இத்தகைய புயலுக்கு அசையாத நங்கூரமாகிறது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்திற்கு முந்தைய 48 மணிநேரம் பரப்புரைக் கூட்டங்களுக்குத் தடைவிதிப்பதும் மனம் அமைதியுற்று முடிவெடுக்க இடம் தருவதற்கே. இந்நியாயத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. மொன்டானா நிகழ்ச்சியில் ஒலிப்பதிவும் சாட்சியமும் உடனே கிட்டின. எல்லா நிகழ்ச்சிகளிலும் அவ்வாறு கிட்டும் எனக் கூற முடியாது.

மூன்றாம் நியாயம் பிற்கால வெற்றிகளைச் சுட்டுவது. அனைத்தையும் அறிந்த பின்னரும் 2018இலும் 2020இலும் 2024இலும் மக்கள் அவரையே தெரிவு செய்தனர். எனவே 2017இல் எவரும் ஏமாறவில்லை எனலாம். விளைவை மட்டும் நோக்கின் இது சரியே. வாக்கை மாற்ற இயன்றிருந்தாலும் முடிவு மாறியிருக்கும் எனக் கூற ஆதாரம் இல்லை. ஆயின் அறவியல் வினா வெற்றி தோல்வியைச் சார்ந்தது அன்று. பின்னர்க் கிட்டும் ஒப்புதல், முன்னர் மறுக்கப்பட்ட உரிமைக்கு ஈடாகாது. அறிந்து மன்னிக்கும் உரிமையும், அறிந்து ஆதரிக்கும் உரிமையும்கூட அவ்விரவு முன்னரே வாக்களித்தோருக்கு இல்லாமற்போயின.

திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரம் இவ்விருதலைச் சிக்கலை அரசன் நிலையில் வைத்துக் காண்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவதையும், நம்பித் தெளிந்தபின் ஐயுறுவதையும் தீராத் துன்பத்தின் இரு வாயில்களாக வள்ளுவர் வைக்கிறார். முன்கூட்டி வாக்களித்தோர் முதல் வாயிலில் சிக்குகின்றனர். வாக்கை எந்நேரமும் மாற்றலாம் என்னும் ஏற்பாடு இரண்டாம் வாயிலைத் திறக்கிறது. அரசனுக்குத் தெரிந்து தெளியும் காலத்தைத் தானே வரையறுக்கும் ஆற்றல் இருந்தது. அரசுரிமை பல இலட்சம் பேரிடையே பகிரப்பட்ட காலத்தில் அவ்வரையறையைச் சட்டம் செய்கிறது. எனவே சட்டம் வகுக்கும் காலம் அறத்திற்கு உடன்பட்டதா என்னும் ஆராய்ச்சி தேவையாகிறது.

திரும்பப் பெறும் வழிகள்

வாக்கை மாற்ற வழிசெய்தல் நடைமுறையில் இயலாத ஒன்றன்று. ஸ்வீடனில் முன்கூட்டி வாக்களித்த ஒருவர் தேர்தல் நாளில் தம் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்து மீண்டும் வாக்களிக்கலாம். உறையில் உள்ள முந்தைய வாக்கு எண்ணிக்கையினின்று நீக்கப்படும். 2005 முதல் இணையவழி வாக்களிப்பை நடத்திவரும் எஸ்டோனியாவில் முன்வாக்குக் காலத்தில் ஒருவர் பலமுறை வாக்களிக்கலாம்; கடைசியாக அளித்ததே எண்ணப்படும். பிறர் கட்டாயத்தால் அளித்த வாக்கைத் தனிமையில் மாற்றிக்கொள்ள வழிவிடுதலும் அதன் நோக்கமாகும்.

ஆயினும் ஸ்வீடன் முறையை மொன்டானாவில் பொருத்திப் பார்க்கையில் ஓர் எதிர்பாராச் சிக்கல் புலப்படுகிறது. அஞ்சல்வழியை நாடியோருள் பலர் சாவடியின் தொலைவு காரணமாகவே அதனை நாடினர். நேரில் வந்தால் மாற்றலாம் என்னும் உரிமை, வர இயலாமையால் முன்கூட்டி வாக்களித்தவருக்குப் பயன்படாது. மிசூலா நகரத்தாருக்கு எளிதாக அமைவது, கிழக்குச் சமவெளியின் மேய்ச்சல் குடியினருக்கும், வீட்டிற்கு அஞ்சல் வந்துசேராத பழங்குடி ஒதுக்கீட்டு நிலங்களின் மக்களுக்கும் எட்டாக்கனியாகும். சமமின்மையைத் தீர்க்க வந்த மருந்து தொலைவின் வழியே மற்றொரு சமமின்மையை விளைவிக்கிறது. பரந்த நிலமும் சிதறிய மக்களும் கொண்ட ஒற்றைத் தொகுதியில் சட்டத்தால் முற்றிலும் தீர்க்க இயலாத ஒரு மிச்சம் எஞ்சி நிற்கிறது.

ஏற்றவரின் கடன்

அம்மிச்சத்தை யார் சுமப்பது? வாக்காளர் கூடியவரை காலம் தாழ்த்தி வாக்களிக்கலாம் என்பது ஒரு விடை. ஆனால் அஞ்சலின் தாமதத்தைக் கருதித்தான் அவர் விரைகிறார். விரைவை அவர்தம் குற்றமாகக் கொள்ளுதல் தகாது.

அடைக்கலம் என்னும் கருத்து இங்கே துணைநிற்கிறது. வாக்களித்தவரின் கைகள் கட்டப்பட்டுள்ளன. அவருடைய சீட்டு உறைக்குள் இருக்கிறது. அந்நாள் முதல் வேட்பாளர், மீட்டுக்கொள்ள முடியாத நம்பிக்கையைக் கையில் வைத்திருப்பவராகிறார். திரும்பப் பெற இயலாத பொருளை வைத்திருப்பவர் கடன், திரும்பப் பெறத்தக்க பொருளை வைத்திருப்பவர் கடனைவிடப் பெரிது. எனவே முதல் உறை அலுவலகத்தை அடைந்த நாளிலேயே பிரதிநிதியின் பொறுப்பு ஒருவகையில் தொடங்கிவிடுகிறது. நடத்தையில் தவறு நேர்ந்த பின்னரும் அக்கடன் நீங்குவதில்லை. உண்மையை உடனே உரைப்பதாக அது உருமாறுகிறது. இந்நோக்கில் மே 24ஆம் நாள் இரவில் வெளியான அறிக்கை, தாக்குதலுக்கு நிகரான அறப்பிழையாகும். சினம் கணநேரத்தது, அறிக்கை எண்ணி எழுதப்படுவது. பின்னர் வந்த மன்னிப்பும் குற்ற ஒப்புதலும் அறத்தின்பாற்பட்டனவே எனினும், மறுநாள் சாவடிக்குச் சென்றோர் வாக்களித்து முடித்த பின்னரே வந்தன.

ஒற்றைத் தொகுதி இக்கடனை மேலும் கூட்டுகிறது. எதிர்த்து வாக்களித்தோருக்கும், அறியாது வாக்களித்தோருக்கும் அந்த அவையில் வேறு குரல் இல்லை. தம்மை அறிந்து தெரிவு செய்தோருக்கு மட்டுமே தாம் கடன்பட்டவர் என அவ்வுறுப்பினர் கருதுவாராயின் மாநிலத்தின் பெரும்பகுதி குரலற்றுப்போகும்.

நிறைவுரை

மேற்கண்ட ஆய்வினின்று பெறப்படும் கருத்துகள் வருமாறு: தேர்தல் வாக்கு உறுதிமொழியைவிட அடைக்கலத்தோடு நெருங்கிய உறவுடையது. எதிர்கால வினாக்களை வாக்காளர் அறிய இயலாமையின் பிரதிநிதியின் பண்பே அவர் எடைபோடத்தக்க முதன்மைச் சான்று. முன்கூட்டி அளிக்கும் வாக்கு, சான்றுகளைப் பெறும் வாய்ப்பில் சமமின்மையை உண்டாக்குகிறது. சட்டம் அதனைக் குறைக்கலாம். தொலைவு உள்ளவரை முற்றும் நீக்க இயலாது. நீக்க இயலாத பகுதி வேட்பாளரின் அறக்கடனாக எஞ்சுகிறது.

இவ்வினா மொன்டானாவோடு நிற்பதன்று. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தியா முழுவதும் 85 வயது கடந்த முதியோரும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் உடல் இயலாமை உடையோரும் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழிசெய்யப்பட்டது. தேர்தல் அலுவலர் அவர்தம் இல்லம் தேடிச் சென்று வாக்கைப் பெற்ற நாளுக்கும் பொது வாக்குப்பதிவு நாளுக்கும் இடையே பரப்புரை தொடர்ந்தது. இம்முறையைத் தேர்ந்தோர் பின்னர்ச் சாவடியில் வாக்களிக்க இயலாது. நடக்க இயலாதவரின் வாக்கைத் தேடிச்சென்று பெறுவது மக்களாட்சியின் சிறப்பு. அவ்வாறு பெறப்பட்ட வாக்கை அவர் மாற்ற முடியாது என்பதை ஒவ்வொரு வேட்பாளரும் நினைவிற்கொள்ளுதல் அச்சிறப்புக்கு உரிய மறுகடன் ஆகும்.